சமாதானத் தூதர் சுவார்ட்ஸ் ஐயர்

பிணக்கைத் தீர்த்து வைத்தல் பெரும்புண்ணியம் என்பதை மறுப்பார் யாருமில்லை. ஆயினும், அப்புண்ணியத்தைச் செய்ய முன்வருவோர் எல்லாருக்கும் அது கைகூடுவதில்லை. இதனை யாம் நூல் கற்று அறிந்தோமல்லோம், பட்டு அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள நம் ஊர்களுள் ஒன்றில், அண்ணன் தம்பியர் இருவருக்குள் ஒரு வாய்க்கால் மடையைப் பற்றி வழக்கு உண்டாயிற்று. சங்கத்தின் சார்பில் நடுவராக அமருமாறு எம்மை வேண்டினர். யாமும் இசைந்து சென்றோம். சென்ற அன்றிரவு அண்ணன் வீட்டில் விருந்துண்டு அங்கேயே தங்கினோம். மறுநாட் காலையில் வேப்பமரத்தடியில் பேச்சுத் தொடங்கியபொழுது, தம்பி ஒரு சொல்லும் சொல்லாமல் எம்மை ஒருமுறை நோக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். எம் உள்ளத்தில் ஓரவஞ்சனை சிறிதும் இருந்ததில்லை. ஆனால் அதனை அவர் எங்ஙனம் அறிவார்? அவர் அறிந்தது யாம் உண்ட சோறு ஒன்றே. அவ்வழக்குப் பின்னர் நீதிமன்றம் ஏறிற்று. இரு வீட்டாரும் இன்றுகாறும் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு ஒருவர் செல்வதில்லை.

அந்நாள் முதல், பகைவர் இருவராலும் ஒருங்கே நம்பப்பட்ட மனிதர் எவரேனும் நம் நாட்டில் வாழ்ந்ததுண்டோ என்று எண்ணிப் பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று. அவ்வாறு எண்ணுந்தோறும் எம் கண்முன் வந்து நிற்பவர், கொள்ளிடத்தின் தென்கரை நாடாகிய தஞ்சையில் இருபது ஆண்டு வாழ்ந்து அங்கேயே உயிர்நீத்த சுவார்ட்ஸ் ஐயர் ஆவர். நம் சமூகத்தில் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். ஆதலின் ஒரு மதபோதகரின் சரித்திரத்தை இவ்விதழில் எழுதுவது எற்றுக்கு என்று யாரேனும் வினவலாம். அவரை நம்பியவருள் ஒருவர் முகம்மதிய வேந்தர். ஒருவர் மராட்டிய இந்து மன்னர். எஞ்சியோர் காவிரி நாட்டுக் குடியானவர். தம் மதத்தை அவர் வாயினாற் போதித்ததினும் வாழ்வினாற் போதித்ததே மிகுதி. ஆதலின் அவர் எல்லாருக்கும் உரியர்.

நம் அரியலூர்ச் சீமைக்கு இத்தகைய செய்தி புதிதன்று. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதாவின் கோயிலை அறியாதார் நம்மில் இலர். இத்தாலி தேசத்துக் கத்தோலிக்கத் துறவியாகிய அவர், 1747ஆம் ஆண்டில் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கியவர் சுவார்ட்ஸ் ஐயர். இவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். இருவர் சபையும் வேறு; வழியும் வேறு. அடைக்கலம் என்ற சொல்லை முன்னவர் கோயிலின் பெயராக நாட்டினார். பின்னவர் தம் வாழ்நாளெல்லாம் அச்சொல்லுக்குப் பொருளாக நின்றார் என்று கூறுவது மிகையாகாது.

இளமை

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், ஜெர்மானிய தேசத்துப் பிராண்டன்பர்க்கு நாட்டைச் சேர்ந்த சோனன்பர்க்கு என்னும் சிற்றூரில் 1726ஆம் ஆண்டு பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. தாயார் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். இறக்குந்தறுவாயில், இம்மகனைக் கடவுள் பணிக்கென்றே தாம் நேர்ந்திருப்பதாகவும், அவன் அப்பணியை விரும்பின் தடை செய்யலாகாது என்றும் கணவரிடத்தும் குருவினிடத்தும் கூறி உறுதி பெற்றார் என்பர்.

உரிய வயதில் அவர் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்றார். அக்காலத்தில், சென்னையில் நெடுநாள் ஊழியம் செய்து திரும்பியிருந்த ஷூல்ட்ஸ் என்னும் போதகர், தமிழ் வேதாகமத்தை அந்நகரிலேயே அச்சிடக் கருதியிருந்தார். பிழை பார்ப்பதற்குத் தமிழறிந்த இளைஞர் வேண்டியிருந்தமையால், சுவார்ட்ஸைத் தமிழ் கற்குமாறு ஏவினர். அச்சுவேலை நிறைவேறாமற் போயிற்று; கற்ற தமிழோ நிலைத்தது. அத்தமிழே அவரை இந்நாட்டுக்கு அழைத்து வந்தது எனலாம். புறப்படுமுன், தந்தை வழிச் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தாருக்கே விட்டுக்கொடுத்தார். பாகப்பிரிவினையின் பொருட்டே பாதி வழக்குகள் விளையும் நம் குடும்பங்களில், இச்சிறு செய்தியை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நன்று.

1749ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்து வழியாகக் கப்பலேறி, 1750ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கடலூரில் இறங்கித் தரங்கம்பாடி சேர்ந்தார். நான்கு மாதங்களுக்குள், சீகன்பால்கு ஐயர் கட்டிய ஆலயத்தில் தமிழிலே பிரசங்கம் செய்தார். அதன்பின்னும் கற்பதை நிறுத்தவில்லை. இந்நாட்டு மக்களோடு பேச விரும்புவோர், அம்மக்கள் போற்றும் நூல்களை முதலில் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தமிழேயன்றிப் பாரசீகம், இந்துஸ்தானி, மராட்டி, போர்த்துகேயம் முதலிய மொழிகளையும் காலப்போக்கிற் கற்றுக்கொண்டார். பிறர் மொழியைக் கற்றல் பிறரை மதித்தலின் முதற்படி. பிற்காலத்தில் அரசர் முன்னிலையில் துபாஷி இல்லாமலே அவர் பேச முடிந்தது இப்பயிற்சியினாலேயே.

திருச்சிராப்பள்ளியில்

1762ஆம் ஆண்டு முதல் அவருடைய ஊழியம் திருச்சிராப்பள்ளியில் வேரூன்றத் தொடங்கிற்று. அக்காலம் எத்தகையது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆற்காட்டு நவாபும், ஆங்கிலக் கும்பினியாரும், பிரெஞ்சுக்காரரும், மைசூராரும், மராட்டியரும் இந்நாட்டைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தனர். 1765ஆம் ஆண்டில் நவாபின் படை நம் அரியலூரையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்றிற்று. வென்றவர் யாராயினும், மிதிபட்டது குடியானவர் வயலே.

1763ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். சிப்பாய்களின் பிள்ளைகள் பலர் தாய் தந்தையரை இழந்து தெருவில் நின்றனர். சுவார்ட்ஸ் ஐயர் அவர்களைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் அமைத்தார். 1764ஆம் ஆண்டில் மதுரை முற்றுகையின்போது காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தமைக்காக நவாபு அளித்த பொருளையும் அவ்வநாதைப் பிள்ளைகளுக்கே சேர்த்துவிட்டார். தெப்பக்குளத்தருகே இன்றும் விளங்கும் கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் எழுந்தது.

அவர் வாழ்ந்த முறை எளிமையினும் எளிமை. பழங்கட்டடம் ஒன்றில், கட்டிலும் தாமும் அடங்குமளவான ஓர் அறை. சோறும் காய்கறியுமே உணவு. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணியே உடை. மாதம் பத்து வராகன் வருவாயில் வாழ்ந்தார். பின்னர்ப் பட்டாளத்துக் குருவாகக் கும்பினியார் அவருக்குச் சம்பளம் ஏற்படுத்தியபொழுது, அதனைத் தொண்டுக்கே செலவிட்டார். மணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கையாற் பெறுவதும் மறு கையாற் கொடுப்பதுமாக இருந்தமையால், அவர் கை எப்பொழுதும் வெறுங்கையாகவே இருந்தது. அவ்வெறுங்கையே அவருக்குப் படையும் கோட்டையும் ஆயிற்று என்பதை இனிக் காண்போம்.

ஹைதர் அலியிடம் தூது

1778ஆம் ஆண்டில் அவர் தஞ்சைக்கே குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டில் சென்னைக் கவர்னர் ரம்போல்டு துரை அவரை அழைப்பித்து, மைசூர் ஹைதர் அலியிடம் இரகசியமாகச் சென்று அவர் மனநிலையை அறிந்து, சமாதானமாயிருக்கும் கும்பினியாரின் கருத்தைத் தெரிவித்து வருமாறு வேண்டினார். ஐயர் உடனே இசையவில்லை. அரசியலில் தலையிடுதல் போதகருக்குத் தகுமோ என்று தயங்கினார். இரத்தம் சிந்தாமற் காக்கும் முயற்சியாதலின் கடவுளுக்கு உவப்பானதே எனத் துணிந்து, ஒரு நிபந்தனையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். வழிச்செலவு தவிர யாரிடத்தும் எப்பரிசும் பெறுவதில்லை என்பதே அது.

கரூர் வழியாகச் சென்று, மலையேறி, ஆகஸ்டு மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் அடைந்தார். ஹைதர் அலி அவரைத் தம் அருகே விரிப்பில் அமரச் செய்து உரையாடினார். கும்பினியார்மீது அவருக்குப் பெருங்குறை உண்டு. 1769ஆம் ஆண்டில் செய்த உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் தமக்கு உதவவில்லை என்பதும், 1779ஆம் ஆண்டில் தம் பாதுகாப்பில் இருந்த மாஹியைப் பிடித்துக்கொண்டனர் என்பதும் அவர் நெஞ்சிற் குடிகொண்டிருந்தன. ஆங்கிலேயர் அனுப்பும் பிறரை நம்ப மாட்டேன், இக்கிறிஸ்தவரை அனுப்பின் நம்புவேன், இவர் என்னை வஞ்சிக்கமாட்டார் என்ற கருத்தை ஹைதர் வெளியிட்டார் என்பர்.

ஐயர் அங்கு இருந்த காலத்தில், ஹைதரின் சேவையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்குக் கோட்டைக்கு வெளியே ஒரு கூடாரத்தில் வழிபாடு நடத்தினார். யாரும் தடை செய்யவில்லை. திரும்பும்பொழுது ஹைதர் வழிச்செலவுக்காக முந்நூறு ரூபாய் அனுப்பினார். மறுத்தால் மன்னரை அவமதித்ததாகும் எனப் பிறர் வற்புறுத்தவே பெற்றுக்கொண்டு, சென்னை சேர்ந்ததும் அத்தொகையைத் துரைத்தனத்தாரிடம் வைத்துவிட்டார். அவர்களோ அதனை அவரே வைத்துக்கொள்ளும்படி கூறினர். அப்பணம் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாயிற்று.

தூது வென்றதோ எனின், வெல்லவில்லை. 1780ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதரின் சேனை கர்நாடகத்தில் பாய்ந்தது. தூதர் உண்மையுள்ளவராயிருந்தார், தூது அனுப்பியவர் அவ்வாறு இருந்தாரல்லர். ஹைதர் கூறிய குறைகளைத் தீர்க்கச் சென்னையார் யாதும் செய்யவில்லை. நல்ல மனிதர் ஒருவரை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னே தம் வழக்கம்போல் நடப்போர் அக்காலத்தும் இருந்தனர்; இக்காலத்தும் உளர். அதனால் விளைந்த கேட்டைச் சோழநாடு நான்கு ஆண்டு அனுபவித்தது.

எனினும் ஒரு பயன் விளைந்தது. ஊர்கள் எரிந்த அப்போரின் நடுவே, முதிய பாதிரியாரை எவ்விடத்தும் தடுக்கலாகாது, அவருக்கு மரியாதை செய்தல் வேண்டும் என்று ஹைதர் தம் படைத்தலைவருக்குக் கட்டளையிட்டிருந்தார். ஆங்கிலேயர் சார்பில் வந்த மனிதரையே ஆங்கிலேயரின் பகைவர் காத்தார். இதனினும் சிறந்த நற்சான்று எந்த அரசன் கையொப்பத்தினால் கிடைக்கும்?

வெற்றுக் காகிதம்

போர் முற்றியபொழுது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. காலைதோறும் தெருவில் பிணங்கள் கிடந்தன. சிப்பாய்கள் பசியால் நடக்கமாட்டாமல் விழுந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதனைக் கொண்டுவர மாடுகளே இல்லை. முன்னர்ப் பலமுறை அரண்மனையாரும் பட்டாளத்தாரும் மாடுகளையும் நெல்லையும் பிடித்துக்கொண்டு கூலி கொடாமல் ஏமாற்றியிருந்தமையால், குடியானவர் தம் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒளிந்துவிட்டனர். அரசர் ஆணையிட்டார், ஒருவரும் வரவில்லை. கும்பினியார் வாக்களித்தனர், ஒருவரும் செவிசாய்க்கவில்லை.

அப்பொழுது துளஜா மகாராஜா, தாமும் ஆங்கிலேயரும் நாணயத்தை இழந்துவிட்டதாகவும், சுவார்ட்ஸ் ஐயரையேனும் மக்கள் நம்புவார்களா என்று பார்க்கலாம் என்றும் கூறி, எழுத்தொன்றும் இல்லாத வெற்றுக் காகிதம் ஒன்றை அவருக்கு அனுப்பினார். அதில் அவர் விரும்பியவாறு குடிகளோடு உடன்பாடு எழுதிக்கொள்ளலாம் என்பது கருத்து. அரசன் ஒருவன் தன் நாணயம் அழிந்ததைத் தானே ஒப்புக்கொண்டு, ஓர் அந்நிய நாட்டு ஏழைப் போதகரின் நாணயத்தைக் கடன் வாங்கிய செய்தி சரித்திரத்தில் வேறெங்கும் உண்டோ, யாம் அறியோம்.

ஐயர் சுற்றுப்புறம் எங்கும் ஓலை போக்கினார். ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கூலி கொடுப்பதாகவும், எந்த மாட்டையேனும் பகைவர் பிடித்துக்கொண்டால் அதன் விலையையும் கொடுப்பதாகவும் எழுதினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. அவருடைய உபதேசியாரும் பிற கிறிஸ்தவரும் உயிருக்கு அஞ்சாமல் நாட்டுக்குள் சென்று, மிகக் குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தனர். கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்தபின், பிறருக்குரிய பணத்தையும் கடனாகக் கொண்டு ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்து, சிறு வெகுமதியும் அளித்து அனுப்பிவைத்தார். வாக்களித்த நாளினும் வாக்கை நிறைவேற்றிய நாளே பெரிது என்பதை நாம் ஈண்டு உணர்தல் வேண்டும். அவர் கூலியில் ஒரு காசு குறைத்திருப்பினும், அடுத்த முறை அவருக்கும் ஒரு மாடு வந்திராது.

போருக்குப் பின்னும் அத்தகைய நெருக்கடி ஒன்று நேர்ந்தது. அரண்மனை அதிகாரிகளின் கொடுமை பொறாமல் குடிகள் பல்லாயிரவராக ஊர்விட்டு ஓடினர். ஆனியில் தொடங்க வேண்டிய உழவு ஆவணி வந்தும் தொடங்கவில்லை. அரசர் நீதி வழங்குவதாகப் பறைசாற்றியும் திரும்புவாரில்லை. மீண்டும் ஐயரையே வேண்டினர். அவர் குடிகளின் குறைகளைக் கேட்டு, அரசரிடம் உறுதி பெற்று, அவ்வுறுதிக்குத் தாம் பிணையாக நின்று அழைத்தார். ஒரே நாளில் ஏழாயிரவர் திரும்பி வந்தனர். பருவம் கடந்துவிட்டதே என்று அவர் கவன்றபொழுது, தமக்கு அவர் காட்டிய அன்பின் பொருட்டு இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் கூறி ஏரைப் பூட்டினர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஓடிய குடிகளை அடக்கி அழைத்து வருவது சமாதானம் அன்று. அவர்கள் ஓடியதற்குக் காரணமான அநீதியை முதலில் அரசரிடமே எடுத்துரைத்த பின்னரே ஐயர் அவர்களை அழைத்தார். வலியோன் முகம் கோணாதபடி எளியோனைப் பொறுத்துப்போகச் சொல்லுதலை நம் பஞ்சாயத்துக்களில் பலர் சமாதானம் என்று எண்ணுகின்றனர். அது வாயை அடைப்பதேயன்றி வழக்கைத் தீர்ப்பதன்று.

வளர்ப்பு மைந்தன்

துளஜா மகாராஜாவுக்கு மக்கள் அனைவரும் இறந்தொழிந்தனர். 1787ஆம் ஆண்டில், தம் குலத்துச் சிறுவனாகிய சரபோஜியைத் தத்தெடுத்தார். பத்து வயதினனான அப்பிள்ளையைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்து, அவரே காவலராக இருத்தல் வேண்டும் என்று மன்றாடினார். நாட்டின் ஆட்சியே ஐயர் கைக்கு வந்தது போன்ற தறுவாய் அது. அவர் அதனை ஏற்கவில்லை. அப்பொறுப்புத் தம் ஆற்றலுக்கும் தொழிலுக்கும் அப்பாற்பட்டது எனக் கூறி, அரசரின் தம்பியாகிய அமர்சிங்கிடம் பிள்ளையை ஒப்புவிக்குமாறு யோசனை சொன்னார்.

யோசனை நல்லெண்ணத்தில் விளைந்தது, பயனோ தீதாயிற்று. அவ்வாண்டிலேயே துளஜா காலமாக, அமர்சிங் தாமே அரியணை ஏறினார். தத்துச் செல்லாது என்று பண்டிதர் சிலர் கூறியதைக் கும்பினியாரும் ஒப்புக்கொண்டனர். சிறுவன் சரபோஜி வெளிச்சமும் கல்வியுமின்றி அரண்மனையில் அடைபட்டுக் கிடந்தான். தம் யோசனையின் விளைவு இது என்பதை உணர்ந்த ஐயர், வாளாவிருக்கவில்லை. பிள்ளையின் நிலையைத் துரைத்தனத்தாருக்கு எழுதினார், காவலை மாற்றுவித்தார், கல்விக்கு வழி செய்தார். 1793ஆம் ஆண்டில் சரபோஜியும் அரசமாதேவியரும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே கெரிக்கே ஐயர் அவருக்குக் கல்வி புகட்டினார். தத்து முறையானதே என்பதை நிலைநாட்டவும் சுவார்ட்ஸ் ஐயர் ஓயாது வழக்காடினார். தவறு செய்யாதவர் பெரியோர் அல்லர். தம் தவறு பிறர் தலையில் விடிந்தபொழுது விலகி ஓடாதவரே பெரியோர்.

அவர் வளர்த்த பிள்ளைகள் இன்னும் பலர். திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அவரோடு தஞ்சைக்கு வந்த சிறுவனே பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் என விளங்கினார். சரபோஜிக்குத் தம் மதத்தைத் திணிக்க ஐயர் ஒருநாளும் முயன்றதில்லை. சரபோஜி இந்துவாகவே வாழ்ந்து இந்துவாகவே இறந்தார். சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கி உலகம் போற்றச் செய்தார்.

எஞ்சி நின்ற குறை

பெரியோரைப் போற்றுவோர் அவர்தம் குறையை மறைத்தல் தகாது. இந்நாட்டுச் சாதி வேற்றுமையைச் சுவார்ட்ஸ் ஐயர் வன்மையாகக் கடிந்தாரில்லை. தஞ்சைச் சபையில் உயர்ந்தோர் எனப்பட்டோரும் தாழ்ந்தோர் எனப்பட்டோரும் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு பக்கத்தில் அமர்ந்து வழிபட்டனர். நாளடைவில் அன்பினால் அது மெல்ல மறையும் என்று அவர் நம்பினார். மறையவில்லை. அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1833ஆம் ஆண்டில், உவில்சன் பிஷப்பு சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபொழுது, தஞ்சைச் சபை பிளவுபட்டது. ஐயர் வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார்.

சாதியின் பெயரால் கூடிய சங்கத்தாராகிய நாம் இப்பகுதியைப் படியாமல் தாண்டிச் செல்லுதல் நேர்மையாகாது. நம் பிள்ளைகளின் கல்விக்கும் ஏழைகளின் துயர் தீர்ப்பதற்கும் நாம் கூடினோம். பிறரைத் தள்ளிவைப்பதற்காகக் கூடினோமல்லோம். அரசர் இருவருக்கிடையே தூது சென்றவரும், அடுத்த தெருவார் இருவருக்கிடையேயுள்ள சுவரை நாளைக்கு என்று ஒத்திப்போட்டார். ஒத்திப்போட்ட நீதி வட்டியோடு திரும்பி வந்தது. இது அவரைப் பழிப்பதற்கன்று. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்குவதற்கே.

முடிவு

1798ஆம் ஆண்டு பெப்ருவரி 13ஆம் நாள், தம் எழுபத்தொன்றாம் வயதில், சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் காலமானார். நாற்பத்தெட்டு ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்தவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. அவரிடம் சேர்ந்திருந்த பொருள் முழுதும் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் உரிமையாயிற்று. சரபோஜி வரும்வரை அடக்கத்தை நிறுத்தி வைத்தனர். இந்து மன்னர் குலத்து இளைஞர், அக்காலத்து வழக்கத்தையும் பொருட்படுத்தாமல், அவர் பக்கத்தில் நின்று கண்ணீர் சொரிந்து, உடலின்மீது பொன்னாடை போர்த்தினார். நான்கு திங்கள் கழிந்து, ஜூன் மாதத்தில், சரபோஜி அரியணை ஏறினார். அதனைக் காண ஐயர் இல்லை.

ஐயர் அடங்கியுள்ள புனித பேதுரு ஆலயத்தில், கல்லறைக் கல்லின்மேல் சரபோஜி மன்னரே ஆங்கிலத்தில் இயற்றிய செய்யுள் பொறிக்கப்பெற்றது. சிவகங்கைக் கோட்டைக்குள் உள்ள ஆலயத்தில், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு அம்மன்னர் செய்வித்த சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையிற் கிடக்கும் முதியவரின் அருகே இளவரசர் நிற்கும் காட்சி அதில் விளங்குகிறது. பெருவுடையார் கோயிலைத் தரிசிக்க நம் குடும்பத்தார் ஆண்டுதோறும் தஞ்சை செல்கின்றனர். சிவகங்கைக் குளத்தருகே சில அடி சென்றால் இச்சிற்பத்தையும் காணலாம். பிள்ளைகளுக்குக் காட்டுதல் நன்று.

மலைப்பொழிவில் இயேசு பெருமான் சமாதானம் செய்வோரைச் சிறப்பித்துக் கூறியிருக்கிறார். நம் வள்ளுவர் பெருமானும் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இரண்டையும் கற்றோர் நம்மிற் பலர். ஆயினும், அண்ணன் வீட்டில் விருந்துண்ட அவ்விரவில் எமக்கு இரண்டும் நினைவுக்கு வரவில்லை. ஹைதரின் முந்நூறு ரூபாயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த மனிதரின் நினைவு அன்று இருந்திருப்பின், யாம் சத்திரத்திலேனும் கோயில் திண்ணையிலேனும் படுத்து, சொந்தச் சோறு உண்டிருப்போம். தம்பியும் எழுந்து போயிருக்கமாட்டார்.

ஆகவே, நம் சங்கத்தின் சார்பில் இனி நடுவராகச் செல்வோர், வழக்கு முடியும்வரை எவ்வீட்டிலும் கைநனைப்பதில்லை என்றும், எப்பக்கத்தாரிடத்தும் ஒரு தேங்காயும் பெறுவதில்லை என்றும், சொன்ன சொல்லைத் தம் கைப்பொருள் இழந்தேனும் நிறைவேற்றுவது என்றும் ஒரு விதி செய்துகொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். அவ்விதியை முதன்முதல் மேற்கொள்பவர் யாமாகவே இருப்போம். அந்தத் தம்பியின் வீட்டுக்கு வரும் தை பிறந்ததும் யாம் தனியே செல்லவிருக்கின்றோம். வழக்குப் பேசுவதற்கன்று, மன்னிப்புக் கேட்பதற்கு. அவர் வாயிற்கதவைத் திறப்பாராயின், அன்று முதல் நம் தொண்டு தொடங்கும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவாராக.